பதினோரு கட்டங்கள்

நேற்று பதினொன்று இருந்தன. இன்று பத்து.

மகிமா மடிக்கணினியின் திரையில் விரலை வைத்து, கடையில் முட்டை எண்ணுவதைப் போல ஒவ்வொன்றாகத் தொட்டு மறுபடி எண்ணினாள். பத்துதான். பழைய சீன நூல்களை இணையத்தில் ஏற்றுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பூச்சி அரித்தோ ஈரத்தில் மை கரைந்தோ படிக்க முடியாமல் போன எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வெற்றுக் கட்டம் போட்டு வைப்பார்கள். இங்கே ஓர் எழுத்து இருந்தது, இப்போது இல்லை என்பதற்கு அடையாளம். அவளும் கிறிஸ்டினாவும் மூன்று மாதமாகத் திருத்திக்கொண்டிருந்த சிறு நூலின் கடைசி வரியில் அப்படிப் பதினோரு கட்டங்கள் வரிசையாக நின்றிருந்தன. கடைசிக் கட்டம் இன்று மாலை கட்டமாக இல்லை. அந்த இடத்தில் ஓர் எழுத்து இருந்தது. முதல் மாதப் பாடத்திலேயே கற்றுக்கொண்ட எழுத்து.

கீழே இறங்கு.

பொதுத் தளம்தான், உலகத்தில் யார் வேண்டுமானாலும் நிரப்பலாம். ஆனால் யார் எதைத் தொட்டாலும் திருத்தப் பட்டியலில் பெயரும் நேரமும் விழுந்துவிடும். பட்டியலின் தலையில் நேற்று மாலை ஆறு நாற்பதுக்கு அவளே செய்த திருத்தம்தான் இருந்தது. அதற்கு மேல் எதுவும் இல்லை. கீழே நீண்டுகொண்டு போன பழைய பதிவுகளை அவள் பார்க்கவில்லை. எல்லாம் அவர்கள் இருவருடையவைதான், பார்க்க என்ன இருக்கிறது?

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கல்மண்டபத்தின் அந்த இரண்டாவது மாடி வீட்டுக்குக் கீழே துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்று உறுமிக்கொண்டிருந்தன. டீசல் வாடையும் ஈர மண் வாடையும் சன்னல் வழியே வந்தன. அவற்றுக்கு அடியில் வேறொரு வாடை, மூடிவைத்த மீன் கூடையைத் திறந்தது போல, மெலிதாக.

"இன்னா மகி, சீனாக்காரன் கூட இன்னும் பஞ்சாயத்து முடியலியா?" செல்வநாதன் சீருடைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், அந்த வாரம் மாலை ஷிப்ட். "செத்துப்போயி ஐந்நூறு வருசம் ஆனவன் எயுதுனத நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி ரெண்டு பொம்பளைங்க குந்திகினு திருத்துறீங்க. அவன் வந்து கேட்டானா?"

"நேத்தே முடிச்சிட்டோம்யா. சும்மா பாத்துகினு கீறேன்."

"அப்பாடா. இனிமே ஆறு மணிக்கு எனக்கு டீ கிடைக்கும்." கதவருகில் நின்று மூக்கைச் சுருக்கினான். "வூட்ல கருவாடு கீதா இன்னா?"

"இல்லியே."

அவன் போய்விட்டான்.

சீன மொழி அவளுக்கு வேலை வழியாக வந்தது. திருவொற்றியூரில் கன்டெய்னர் சரக்குகளுக்கு ஆவணம் போடும் அலுவலகத்தில் அவளும் கிறிஸ்டினாவும் அடுத்தடுத்த மேசை. பொம்மை, பிளாஸ்டிக் வாளி, மின்விசிறி உதிரி என்று வரும் பெட்டிகளின் பட்டியலைப் படிக்க ஆள் வேண்டுமென்று அலுவலகமே இருவரையும் இணைய வகுப்பில் சேர்த்துவிட்டது. வகுப்பு முடிந்த பிறகும் இருவரும் விடவில்லை. வாளியிலிருந்து கவிதைக்குப் போனார்கள். பழைய சீனத்தில் நிறுத்தக் குறிகளே கிடையாது. மேலிருந்து கீழாக எழுத்துகள் இறங்கிக்கொண்டே இருக்கும், எங்கே வாக்கியம் முடிகிறது, எங்கே மூச்சு விடலாம் என்று படிக்கிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாழ்க்கையில் யாரும் அவளிடம் விட்டுவைக்காத ஒரு முடிவு அது. ஒரு வாக்கியம் சரியான இடத்தில் உடையும்போது அவளுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்காரும். அதை அவள் செல்வநாதனிடம் சொல்லியதில்லை. கிறிஸ்டினாவிடம் சொல்ல வேண்டிய தேவையே இருந்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு கிறிஸ்டினாவின் கணவன் சாவியோ எண்ணூருக்கு அப்பால் புயல் காற்றில் இழுவைப் படகிலிருந்து விழுந்தான். உடல் கிடைக்கவில்லை. மகிமா பதின்மூன்று நாள் விடுப்பு எடுத்து, முகத்துவாரத்து மணலில் கிறிஸ்டினாவின் தோளைப் பிடித்தபடி நின்றாள். அதன் பிறகு கிறிஸ்டினா வேலையை விட்டாள், கோயிலை விட்டாள், காசிமேட்டு வீட்டுக் கதவை அடைத்துக்கொண்டு மொழிபெயர்ப்புகள் செய்து பிழைத்தாள். போன ஆகஸ்டில் திடீரென்று அவளே கூப்பிட்டு, "ஒரு புக்கு கண்டுபுடிச்சி கீறேன்டி. யாரும் தொடாதது. ரெண்டு பேரும் பண்லாமா?" என்று கேட்டபோது மகிமாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

பெயர் தெரியாத யாரோ, எந்தத் துறைமுகத்திலோ, கையால் எழுதிவைத்த இருபத்து நான்கு ஏடுகள். கடலில் போனவர்களின் குறிப்பு. இன்னார், இன்ன ஊர், இன்ன காற்றில், உடல் கரை சேர்ந்ததா இல்லையா. அவ்வளவுதான். தன் துக்கத்தைத்தான் கிறிஸ்டினா இப்படிச் சுற்றி வளைத்துத் தொடுகிறாள் என்று மகிமா நினைத்தாள். தினமும் ஆறு மணி முதல் ஏழு மணி வரை போனில் அந்த ஒரு மணி நேரம்தான் கிறிஸ்டினாவை உயிரோடு வைத்திருக்கிறது என்று நம்பினாள்.

வேலையைப் பிரித்துக்கொண்ட விதம் கிறிஸ்டினா சொன்னது. ஏடுகளின் படங்கள் ஒவ்வொன்றும் பெரிய கோப்பு, மகிமாவின் மடிக்கணினியில் திறக்கவே அரை மணி ஆகும். அதனால் கிறிஸ்டினா படத்தைப் பார்த்து உரக்க வாசிப்பாள், மகிமா தட்டச்சுப் பிரதியைப் பின்தொடர்ந்து திருத்துவாள். அந்தக் காலத்தில் பிரதிகளை இப்படித்தான் சரிபார்ப்பார்களாம். இருவர் எதிரெதிரே, பகையாளிகளைப் போல முகத்துக்கு முகம் உட்கார்ந்து. வகுப்பில் ஆசிரியர் அதைச் சொன்னபோது கிறிஸ்டினா மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்து, "நீயும் நானுமா பகையாளி? போடி சோம்பேறி" என்று சிரித்தாள்.

நூல் முடிந்தால் சரிபார்த்தவர் கடைசியில் தன் பெயரைப் போட வேண்டும். அதுவும் அந்தக் காலத்து வழக்கம். "உன் பேரப் போடு" என்றாள் கிறிஸ்டினா நேற்று. "ரெண்டு பேர் பேரும் போடலாம்டி" என்றதற்கு, "நான் வெறும் வாய். திருத்துனது நீதான. போடு மகி" என்றாள். குரல் லேசாக நடுங்கியது. உணர்ச்சி வசப்படுகிறாள் என்று நினைத்து, மகிமா தன் பெயரைச் சீன எழுத்தில் ஒவ்வொன்றாகத் தட்டினாள். அந்த எழுத்துகளை அவளுக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே கிறிஸ்டினாதான்.

இப்போது அவளைக் கூப்பிட்டுக் கட்டத்தைப் பற்றிச் சொன்னாள்.

எதிர்முனையில் குழாய் சரியாக மூடாதது போல ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது.

"எவனாச்சும் ரொப்பிருப்பான். அத்த வுடு" என்றாள் கிறிஸ்டினா. "பூச்சி துன்ன எடம் அது. நான்தான் பாத்தேன்ல. சாப்டியா?"

"இன்னும் இல்ல."

"சாப்புடு. நல்லா சாப்புடு."

மறுநாள் ஒன்பது கட்டங்கள். புதிய எழுத்து, ஆள். அதற்கு அடுத்த நாள் எட்டு. மூழ்கிய.

வாக்கியம் வாலிலிருந்து தலையை நோக்கி வளர்ந்தது. பட்டியலில் எந்தப் பதிவும் இல்லை. மூழ்கிய ஆள். இறங்கு. நான்காம் நாள் வந்த எழுத்தைப் பார்த்து அவள் சன்னலைச் சாத்தினாள். பதிலாக.

அன்று காலையில் அலுவலகத்து வருகைப் பதிவு இயந்திரம் அவள் விரலை ஏற்கவில்லை. வலது பெருவிரல், இடது பெருவிரல், எல்லா விரலையும் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் சிவப்பு விளக்கு. பின்னால் நின்ற சக ஊழியர் அமீருதீன் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, காலைலயே துணி தொவச்சிட்டு வந்தியா? வெரலு ஊறிப்போய் கீதே."

அவள் பார்த்தாள். பத்து விரல் நுனிகளும் வெளுத்துச் சுருங்கி, ரேகைகள் தூர்ந்து, மணிக்கணக்காகத் தண்ணீரில் கிடந்தவை போல இருந்தன. அவள் காலையில் குளித்துவிட்டுத் துடைத்துக்கொண்டு, பஸ்ஸில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து வந்திருந்தாள்.

"கையெயுத்து போட்டுட்டுப் போ. பேஜார் புடிச்ச மிஷினு" என்றார் அமீருதீன். அவள் நோட்டில் பெயரை எழுதினாள். காகிதத்தில் விரல் பட்ட இடமெல்லாம் ஈரம் படர்ந்து, எழுதிய மை தானாகக் கலைந்தது.

மாலைகளில் இப்போது வாசிக்க எதுவும் இல்லை. இருந்தும் ஆறு மணிக்கு மகிமா கூப்பிட்டாள். கிறிஸ்டினா எடுத்தாள், ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் உற்சாகமாக. பேச்சில் பழைய கேலி திரும்பியிருந்தது. வஞ்சிரம் வாங்கினேன் என்றாள், சன்னலுக்குப் புதுத் திரை தைக்கிறேன் என்றாள். கல்லறைத் திருநாளுக்கு இந்த வருடம் அவள் போகவில்லை என்பது மகிமாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கேட்டாள்.

"எதுக்குடி போகணும்?" என்று சிரித்தாள் கிறிஸ்டினா.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால், அறையின் தூரத்தில், ஓர் ஆண் இருமினான். நெஞ்சு நிறைய நீர் கட்டியவன் இருமுவதைப் போல, நீளமாக.

"யாருடி அது?"

"டிவி."

மகிமா நம்பினாள். நம்ப வேண்டும் என்று நினைத்ததை நம்பிக்கை என்று சொல்லலாம் என்றால்.

இரவு தூங்கி எழுந்தால் தலையணை நனைந்திருந்தது. வாயில் உப்பு. எவ்வளவு கொப்பளித்தாலும் போகாத உப்பு. செல்வநாதன் படுக்கையைத் தடவிப் பார்த்து, கூரையைப் பார்த்து, "எங்கேர்ந்து ஒயுவுது?" என்றான். கூரை காய்ந்திருந்தது. ஐந்தாம் நாள். ஆறாம் நாள். இன்னும் இரண்டு எழுத்துகள் வந்தன. அப்படியானால். பெயர். அவள் நடக்கும்போது உள்ளே ஏதோ தளும்பியது. குடத்தை இடுப்பில் வைத்து நடக்கும்போது கேட்கும் ஓசை. ஆனால் குடம் இல்லை.

ஒன்பதாம் நாள் மாலை வாக்கியம் இப்படி நின்றது. தானே தன் பெயரை எழுதினால், மூழ்கிய ஆளுக்குப் பதிலாகக் கீழே இறங்கு. முன்னால் இரண்டே கட்டங்கள் மிச்சம். யார் எழுதினால்? அது மட்டும் இன்னும் தெரியவில்லை.

அன்றுதான் அவள் படத்தைத் திறந்தாள். கடைசி ஏட்டின் படம். மூன்று மாதத்தில் முதல் தடவையாக.

அரை மணி ஆகவில்லை. நான்கு நிமிடம்.

மஞ்சளேறிய தாள் மேலிருந்து கீழாக, பட்டை பட்டையாகத் தெளிந்தது. ஓட்டை இல்லை. அரிப்பு இல்லை. கறை இல்லை. கடைசி வரி முழுதாக, நேற்று எழுதியது போன்ற கரிய மையில், பதினோரு எழுத்தும் துல்லியமாக நின்றன. மேலே இருந்த அந்த இரண்டு எழுத்துகள்.

வாசிக்கும் ஆள்.

அவள் திருத்தப் பட்டியலைக் கீழே தள்ளினாள். ஊறிய விரலைத் தொடுபலகை ஏற்கவில்லை, விரல் முட்டியால் தள்ளினாள், பிறகு பேனாவின் முனையால் அம்புக்குறி விசையை அழுத்தினாள். நவம்பர். அக்டோபர். செப்டம்பர். ஆகஸ்டு ஒன்பது, பகல் பதினொன்றேகால். அன்று மாலைதான் கிறிஸ்டினா அவளைக் கூப்பிட்டு, யாரும் தொடாத நூல் என்று சொன்னது. பட்டியலில் கிறிஸ்டினாவின் பெயர். நீக்கியது, பதினோரு எழுத்துகள். சேர்த்தது, பதினோரு கட்டங்கள்.

மகிமா நெடுநேரம் அந்த வரியைப் பார்த்தபடி இருந்தாள். பயம் அப்போது வரவில்லை. பயத்துக்கு முன்னால் வேறொன்று வந்தது. மூன்று மாதமும், ஒவ்வொரு நாளும், ஒரு மணி நேரம், அந்தக் குரல் தன் காதுக்குள் இருந்ததே என்ற நினைப்பு. அந்த ஒரு மணி நேரத்துக்கு நடுவே சாப்பிட்டாயா என்று கேட்டது. சளி பிடித்தபோது கஷாயம் சொன்னது. எல்லாம் தெரிந்துகொண்டே கேட்டது.

பெயரை அழித்தாள். பக்கம் மறுபடி ஏறியது. பெயர் இருந்தது. அழித்தாள். இருந்தது.

கிறிஸ்டினா போனை எடுக்கவில்லை. அன்றும் இல்லை, மறுநாள் முழுவதும் இல்லை. பத்தாம் நாள் இரவு மகிமா செல்வநாதனை எழுப்பிச் சொல்லப் பார்த்தாள். வாயைத் திறந்தால் வார்த்தைக்கு முன்னால் இருமல் வந்தது, இருமலோடு தண்ணீர். ஒரு டம்ளர் அளவு. கொஞ்சம் மணலும். அவன் அவள் கையைப் பிடித்தான், பிடித்தவன் அதிர்ந்து விட்டுவிட்டான்.

"இன்னாடி இவ்ளோ சில்லுனு கீது. நாளைக்கு நான் லீவு சொல்றேன், ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அவள் தலையாட்டினாள்.

மறுநாள் மாலை அவன் ஆட்டோ கூப்பிடக் கீழே இறங்கியபோது அவளும் பின்னாலேயே இறங்கி, எதிர்த் திசையில் நடந்தாள். மருத்துவரிடம் இதற்கு எந்த மருந்தும் இல்லை. கிறிஸ்டினாவிடம் இருக்கலாம். அந்தப் பெயரை அழிக்கக்கூடியவர் ஒருவர் உண்டென்றால் அது அதைப் போடச் சொன்னவர்தான்.

மணி ஐந்தரை. மழை விட்டுவிட்டுப் பெய்தது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். காசிமேட்டுக்கு நடந்தே போய்விடலாம், ஆனால் கால்கள் கனத்தன. ஒவ்வொரு அடிக்கும் உள்ளே தளும்பியது. எதிரே வந்த பெண் ஒருத்தி குடையைச் சாய்த்து வழி கேட்பது போல நின்று, மகிமாவின் முகத்தைப் பார்த்து, வாய் திறக்காமல் சுவரோரமாக ஒதுங்கிப் போனாள். ஐஸ் உடைக்கும் கடையில் ரேடியோ பாடியது. அந்தப் பாட்டு அவளுக்கு நீருக்கு அடியிலிருந்து கேட்டது.

கிறிஸ்டினாவின் வீடு தரைத்தளம். கதவு திறந்திருந்தது. சன்னலில் புதுத் திரை. உள்ளே வஞ்சிரம் பொரியும் மணம்.

"கிறிஸ்டினா."

அவள் வந்தாள். எண்ணெய் வைத்துப் பின்னிய தலை, இரண்டு வருடமாகக் கட்டாத நீலப் புடவை. மகிமாவைக் கண்டதும் திடுக்கிடவில்லை. படிக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"வருவேன்னு தெரியும்" என்றாள்.

"நீதான் அழிச்ச."

"ஆமா."

பொய் சொல்வாள் என்று மகிமா எதிர்பார்த்திருந்தாள். ஒரு பொய்க்காகவே அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தாள் என்பது அப்போது புரிந்தது.

"சாவியோ ரெண்டு வருசமா தண்ணிலயே கீதுடி" என்றாள் கிறிஸ்டினா மெதுவாக. "ராவெல்லாம் குளுருது குளுருதுன்னு சொல்லும். நீ கேட்டதில்ல. நான் கேட்டுகினே கீறேன்."

"ஏன்டி என்னை?"

கிறிஸ்டினா அவளை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வெறுப்பு இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"வேற யாரு மகி? படத்தத் தொறந்து பாக்காம, நான் சொன்னா சொன்னதுன்னு பேரு போடறதுக்கு எனக்கு வேற யார் கீறாங்க?"

"அழிச்சிடுடி. என் பேர அழிச்சிடு." சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் தொண்டைக்கு வந்துவிட்டது.

கிறிஸ்டினாவின் தோளுக்குப் பின்னால், சாப்பாட்டு மேசையில், ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். தலையில் துண்டு. துண்டு நனைந்திருந்தது. தரையில் அவன் நாற்காலியைச் சுற்றித் தேங்கியிருந்த நீர் அவள் பார்க்கப் பார்க்கச் சுருங்கியது. ஓரங்களிலிருந்து நடுவுக்கு. வற்றியது. மகிமாவின் புடவைக் கரையிலிருந்து சொட்டத் தொடங்கியது.

கிறிஸ்டினாவின் மேசைமேல் கணினித் திரை விழித்திருந்தது. கடைசி ஏடு. கடைசி வரி. ஒரே ஒரு கட்டம்.

பிறகு அதுவும் இல்லை.

அவள் கத்தினாள். கத்தலுக்குப் பதில் கடல் வந்தது. வாய் வழியே, மூக்கு வழியே. நிற்கவில்லை. முழங்கால் மடிந்தது. மடிந்ததா? முழங்கால் எங்கே? கைகளை ஊன்றினாள். கைகள் படியில் பரவின.

"கிறி..."

கிறிஸ்டினா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு கோணிச்சாக்கு. வெள்ளம் வரும் நாட்களில் எல்லோரும் செய்வதைப் போல அதை நீளமாகச் சுருட்டி, வாசற்படிக்குக் குறுக்கே போட்டு, இரண்டு முனைகளையும் காலால் மிதித்து இறுக்கினாள். எங்கும் இடைவெளி இல்லையே என்று குனிந்து பார்த்தாள். குனிந்தபோது அவள் கண்கள் மகிமாவின் கண்களுக்கு மிக அருகில் வந்தன. ஒரு கணம் அப்படியே இருந்தன.

"யாரு வாசல்ல?" மேசையிலிருந்து ஆண் குரல். தெளிவாக, இருமல் இல்லாமல்.

"யாரும் இல்ல" என்றாள் கிறிஸ்டினா. "மழத் தண்ணி."

கதவு சாத்தப்பட்டது. கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் அளவு வெளிச்சம். சாக்கின் இழைகளுக்கு இடையே, தரையோடு தரையாக, மகிமாவால் அவன் பாதங்களைப் பார்க்க முடிந்தது. காய்ந்து, வெதுவெதுப்பாக, பத்து விரல்களும் புதிய தோலோடு இருந்தன. கட்டைவிரல் மட்டும் சந்தோஷமாக அசைந்துகொண்டிருந்தது.